எட்டு நூல் பலகை

முப்பத்திரண்டு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் நான். இந்த மாவட்டத்தில் நான் அளக்காத இடம் மலையுச்சி ஒன்றுதான். அதையும் கண்ணாலேயே அளந்து வைத்திருக்கிறேன். ரிட்டயர் ஆன கையோடு ஒரு பேண்ட்சா வாங்கினேன். இரண்டு சக்கரத்தில் மாலை மாதிரி சுற்றும் பட்டை ரம்பம். வேங்கிக்காலில் நான் சுவிட்சைத் தட்டினால், அடி அண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

என் மனைவி ஜோதியம்மாளுக்கு அந்த மிஷின்மேல் அவ்வளவு மரியாதை கிடையாது. அவளுடைய இரண்டு ஸ்டூலையும் ஒரு மணைப்பலகையையும் அது விறகாக்கியிருந்தது. இப்போது பூஜை அலமாரிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு கதவுப் பலகை வேண்டும் என்றாள். நாலிலும் ஒரே ரேகை ஓட வேண்டுமாம். வீட்டில் இருந்ததோ ஓரங்குலக் கனத்தில் ஒரே ஒரு பலாப் பலகை. நாலாகச் சீவித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் மரவாடி ஜியாவுல்லா பாயைச் சாட்சிக்கு வரவழைத்து நிபந்தனை போட்டாள்.

"நாலு வரலேன்னா மிஷின் பாய் கடைக்குப் போயிடும். சரிங்களா?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டே சரி என்றார். ஆறு மாதமாக அவருக்கு அதன்மேல் ஒரு கண்.

கணக்கு சுலபம். ஓரங்குலத்துக்கு எட்டு நூல். நாலால் வகுத்தால் பலகைக்கு ரெண்டு நூல். பென்சிலால் மூன்று கோடு கிழித்தேன். பாய் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ கேட்டார்.

பலகையை நிமிர்த்தி, மிஷினின் பக்கவாட்டுக் கட்டையோடு ஒட்டவைத்து மெல்லத் தள்ளினேன். முதல் பலகை அல்வாத் துண்டாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. பலாத்தூள் பறந்து தலை முதல் கால் வரை ஒரே மஞ்சள். அறுபத்தொரு வயதில் எனக்கு மறுபடி கல்யாணம் என்றால் ஊரே மொய்யோடு வந்திருக்கும். மூன்றாவது வெட்டு முடிந்து தரையில் குவிந்த தூளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் அரை நூலைத் தின்றிருக்கிறது. கடைசியில் பிளேடு லேசாகச் சாய்ந்தும் போயிருந்தது. ஊரார் வரப்பில் ஒரு விரல்கடை விடாத நான், ரம்பத்தின் பங்கை விட்டுவிட்டேன். மூன்று பலகை ஜோர். நாலாவது அப்பளம். அப்பளமே கொஞ்சம் தடிமன்.

"ரம்பத்துக்கும் வயிறு இருக்குதே, சார்" என்றார் பாய், டம்ளரைக் கீழே வைத்து.

முன்னாடியே சொல்லக் கூடாதா என்றேன். சர்வேயர் கணக்கில் கை வைக்க நான் யார் என்று சொல்லி, மிஷினை ஏற்ற வண்டிக்குப் போன் போட ஆரம்பித்தார்.

வாசலில் ஜோதியம்மாளின் காலடி கேட்டது. ஓட இடமில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த அப்பளத்தையே முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் சாயங்கால வெயில். அவள் நேர் எதிரே வந்து நின்றாள்.

"ஆடாதீங்க. அப்படியே நில்லுங்க" என்றாள். "பாய், இங்க வந்து பாருங்க. பலகை தணல் மாதிரி எரியுது. நடுவுல இவரு மூக்கு தெரியுது."

பாய் வந்து பார்த்தார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேல் கதவுக்கு இதுதான், உள்ளே ஒரு சின்ன பல்பு என்று அங்கேயே முடிவானது. ஆனால் மேலே இரண்டு கதவு.

"இதே மாதிரி இன்னொண்ணு வேணும்ங்க. அதுவரைக்கும் மிஷின் இங்கயே இருக்கட்டும்" என்றாள் ஜோதியம்மாள்.

ரேகை ஒத்துப்போக வேண்டாமா என்று நான் கேட்கவில்லை, எனக்கென்ன பைத்தியமா?

ஒரு வாரமாக அறுக்கிறேன். பழைய கணக்கையே போடுகிறேன், அதே மூன்று கோடுதான் கிழிக்கிறேன். கடைசி வெட்டில் மட்டும் பிளேடு சாயவே மாட்டேன் என்கிறது; நாலாவது பலகை வெளிச்சம் விடும் அளவுக்கு மெலிவதில்லை. பாய் தினமும் ஒரு பலகையோடு வந்து, டீயைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தப்பா தள்ளுங்க சார் என்று சொல்லிக் கொடுக்கிறார்.