சட்டையில் உட்கார்ந்திருந்தவன்

மகன் ஜீவனைப் போலீஸ் கொண்டுபோனதிலிருந்து சீதாலெட்சுமிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஊர் பேசியது. ஊருக்கென்ன, அழுதிருந்தால் நடிப்பு என்று பேசியிருக்கும். மலேசியாவில், கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் அவளுக்குச் சமையல் வேலை. மறுநாளும் போய் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைப் பொட்டலம் கட்டிவைத்துவிட்டுத்தான் வந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். சாப்பாட்டுக் கடை வாசலில் முறைத்துப் பார்த்தான் என்று கௌசிகன் என்கிற பையனை ஜீவனும் கூட்டாளிகளும் ஹெல்மெட்டால் அடித்தார்கள். பையன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். யாரோ எடுத்த வீடியோ எல்லார் போனிலும் இருந்தது. சீதாலெட்சுமியும் பார்த்தாள். மற்றவர்கள் போதும் என்று நகர்ந்த பிறகு ஜீவன் மட்டும் திரும்பி வந்து, கீழே கிடந்தவனை அடித்தான்.

அவளிடம் மிஞ்சியது ஒரே கேள்விதான். நான் பெற்ற பிள்ளைக்குள் அது எங்கிருந்து வந்தது?

பதில் சொல்லத்தான் ஆளுக்குப் பஞ்சமில்லையே. பக்கத்து வீட்டு மார்க்கிரட், "சாத்தான் வேலை, அக்கா" என்று முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுப் போனாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சைவ சித்தாந்த வகுப்பு எடுக்கும் ராதாகிருஷ்ணன் ஐயாவை ரயிலேறிப் போய்ப் பார்த்தாள்.

"செம்புல களிம்பு இருக்கிற மாதிரி, உயிரோடயே ஆணவம்ங்கிற அழுக்கு இருக்கும்மா. வெளியேருந்து யாரும் கொண்டாந்து போடறதில்ல."

"அப்ப செத்துப்போன பையன்?"

"அது அவனோட வினை."

சொல்லிவிட்டு ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவள் பிள்ளையின் சாவை எத்தனை சுலபமாக முடித்துவிட்டார்! அந்த இடத்தில் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

கடைசியில் செத்துப்போன புருஷனின் தங்கை தனலெட்சுமி வந்து நின்றாள். "அண்ணி, நம்ம புள்ளைக்கு இதெல்லாம் வருமா? யாரோ செஞ்சு வச்சிட்டாங்க லா. ஜெஞ்சாரோம்ல முனீஸ்வரர் கோயில் இருக்கு, அங்க சாமி பாக்குறாங்க. அவன் போட்டுக் கழட்டின சட்ட ஒன்னு வேணும், தொவைக்காதது."

அழுக்குத் துணிக்கூடையில் மேலாகக் கிடந்த மஞ்சள் டி-சட்டையை எடுத்துக்கொண்டாள். தைப்பூசத்துக்குக் காவடிக் குழுவினர் கொடுத்தது. அதே வீட்டில் தங்கியிருந்த மருமகன் வாசுதான் காரோட்டினான்.

சாமியாடி சுருட்டை இழுத்துப் புகையை விட்டார். சட்டையை முகர்ந்தார். உடம்பு தூக்கிப் போட்டது.

"ஒருத்தன் உக்காந்திருக்கான்! ரத்தம் கேக்குறான்! புள்ள ஒன்னும் பண்ணல, இவன்தான்டா பண்ணுனான்!"

தனலெட்சுமி ஓவென்று அழுதாள். எலுமிச்சம்பழம் வெட்டுவதற்காகச் சட்டையைத் தரையில் விரித்தார்கள். அப்போதுதான் சீதாலெட்சுமி கழுத்துப் பட்டியில் இருந்த அளவைப் பார்த்தாள். எக்ஸ்எல். ஜீவன் போடுவது எம். காவடிக் குழு அவள் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை கொடுத்திருந்தது. விரிந்து கிடந்தது வாசுவின் சட்டை. கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் துடைப்பத்தால் வெளியே தள்ளிவிடுகிற வாசு, கோயில் வாசலில் கார்ச் சாவியோடு காத்துக்கொண்டிருந்தான்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "நம்ம புள்ள நல்ல புள்ளன்னு நான் சொன்னேன்ல அண்ணி" என்று தனலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பொய்தான். ஆனாலும் அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவளால் மூச்சைக் கொஞ்சம் முழுதாக விட முடிந்தது. பட்டி உள்ளே போகும்படி சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரியா போச்சா அத்தே?" என்று வாசு கேட்டான்.

"ம்."

அடுத்த வாரம் சுங்கை பூலோ சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜீவன் உட்கார்ந்து போனை எடுத்தான். முகம் தெளிந்திருந்தது. தனலெட்சுமி முந்திக்கொண்டு வக்கீல் மூலம் சேதி அனுப்பியிருக்கிறாள்.

"அத்தை சொல்லி அனுப்புனாங்கம்மா. என் மேல எதோ இருந்துச்சாமே. நானும் நெனச்சேன், அது நான் இல்லன்னு." கொஞ்சம் சிரித்தான். "இப்பதான்மா நல்லா தூங்குறேன்."

பிள்ளை தூங்குகிறான் என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு குளிரும். அவளுக்கும் ஒரு நொடி குளிர்ந்தது. பேசாமல் இருந்துவிட்டால் போதும், அவன் இப்படியே தூங்குவான். அந்தப் பையனின் அம்மா தூங்குவாளா? இன்னொரு நாள் இவன் வெளியே வந்து, அது நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே யாரையாவது பார்ப்பான், அவனும் முறைப்பான்.

"அது உன் சட்டையே இல்லப்பா."

"என்னம்மா?"

"வாசு சட்ட. நான்தான் மாத்தி எடுத்துட்டுப் போய்ட்டேன். உன் மேல ஒன்னும் இல்ல ஜீவா. அந்தப் பையன அடிச்சது நீதான்."

அவன் முகம் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த முகம்போல ஆனது. எதற்காக இவனை இப்படிக் கொல்கிறேன் என்று அவளுக்கே தோன்றியது.

"அப்ப நான் என்னம்மா பண்றது?"

"தெரியலப்பா" என்றாள். "அடுத்த வாரமும் வரேன்."