மசுயோவின் தொண்டையில் அடித்த மணி

இசோமுரோ என்கிற ஜப்பானியக் கடலோர ஊரில், சோயாப் பாலில் செய்கிற தோஃபு கட்டிக்குப் பத்து யென் ஏறிய அதே வாரத்தில், அணு உலைக்குள் ஆண்கள் ஒளித்துவைத்த எச்சரிக்கை மணிகள் ஊருக்குள் பெண்களின் தொண்டையிலிருந்து அடிக்கத் தொடங்கின. முதலில் தோஃபு விலையைப் பற்றித்தான் அதிகம் பேச்சு எழுந்தது. கடைக்காரி தோமிகோ அதற்குச் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தபோது “பீப், பீப்” என்று வந்தது. விலை கேட்டவள் பயந்துபோய், ஏறிய விலையையே கொடுத்துவிட்டுப் போனாள்.

உலைக்குள் போகிற ஒவ்வொருவரும் சட்டைப்பையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு வாங்கும் கதிர்வீச்சு அன்றைய அளவைத் தொட்டால் அது கத்தும். கத்தினால் வெளியே வந்துவிட வேண்டும். வருஷத்து அளவு தீர்ந்துவிட்டால் ஆளையே பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஆகவே பழகியவர்கள் பெட்டியை ஈயத்தகட்டில் சுற்றிவைத்தார்கள், அல்லது வெளியே நிற்கும் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெட்டியை ஊமையாக்கலாம், சத்தம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும் என்று ஊர் பிற்பாடு விளக்கம் சொல்லிக்கொண்டது. அது போன இடம், அந்த ஆளின் மேல் யார் அதிகமாக உயிரை வைத்திருந்தார்களோ அவர்களின் தொண்டை.

இந்த விதி புரிந்ததும் இசோமுரோவில் யாருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. மேஸ்திரியின் மணி அவர் மனைவியிடமிருந்து வராமல் முடிதிருத்தும் கடைக்காரியிடமிருந்து வந்தது. மேஸ்திரியின் படுக்கை அன்றைக்கே வாசலுக்கு வந்தது. குழாய் துடைக்கும் ஒருவனுடையது அவன் நாயின் வாயிலிருந்து வந்தது; அதன் பிறகு எல்லோரும் அவனிடம் கொஞ்சம் பதமாகப் பேசினார்கள். கல்யாணமாகி இருபது வருஷம் ஆன சில பெண்கள், தங்கள் தொண்டை சும்மா இருப்பதைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, கடைத்தெருவில் தாங்களாகவே “பீப்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். அது போலி என்று கேட்ட உடனே தெரிந்துவிடும். நிஜ மணி அடிக்கும்போது பக்கத்தில் இருக்கிற டம்ளர் தண்ணீர் நடுங்கும்.

மசுயோ இந்த வம்பிலெல்லாம் தனக்குப் பங்கில்லை என்று இருந்தாள். புருஷன் கணவாய் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாமல் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வருஷா வருஷம் உலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் பருவத்தில் வெளியூர் ஆட்களுக்கு அறை கொடுத்து, கானாங்கெளுத்தி சுட்டுப் போட்டுப் பிழைத்தாள். அந்த ஆட்களில் ஒருவன் இவாவோ. வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கம் மூடியதும், எந்த ஊரில் உலை நிற்கிறதோ அந்த ஊருக்கு ரயிலேறிப் பழகியவன். அவன் மூன்று கிண்ணம் சோறு தின்கிறான், காலுறையைக் கண்ட இடத்தில் அவிழ்த்துப் போடுகிறான், இருமினால் கதவு ஆடுகிறது என்று மசுயோ கேட்பவரிடமெல்லாம் சொல்லிவந்தாள். கேட்காதவரிடமும் சொன்னாள்.

கோவில் முற்றத்தில் பெண்கள் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது அவள் தொண்டையில் மணி அடித்தது. எல்லாருடைய மண்வெட்டியும் நின்றது. மசுயோ கழுத்துத் துணியை வாயில் அடைத்துப் பார்த்தாள். துணி வழியாகவும் வந்தது. கல்விளக்குகளின் மேலிருந்த பனி சரிந்து விழுந்தது.

“யாரோடதுடீ அது?” என்றாள் தோமிகோ. “உன் வீட்டுக்காரர் கடலுக்கடியில உலை வேலைக்குச் சேர்ந்துட்டாரா?”

“சளி பிடிச்சிருக்கு.”

“சளிக்கு மூணு கிண்ணம் சோறு வேணுமாமே, அப்படியா?”

பெண்கள் சிரித்தார்கள். பிறகு மணி ஓயாமல் அடிக்க அடிக்க, ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினாள். அவ்வளவு நேரம் எந்தத் தொண்டையும் அடித்ததில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் மற்ற ஆட்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து மசுயோ இவாவோவிடம் கேட்டாள். “பெட்டிய எங்க வெச்சுட்டு உள்ள போனே?”

“மார்லதான் இருந்துச்சு.”

“பொய் சொன்னா மீன் முள்ளு தொண்டையில நிக்கும். ஏற்கெனவே ஒரு தொண்டை கெட்டுக் கெடக்குது.”

இவாவோவின் காது சிவந்தது. ஊர் பேசியது அவன் காதுக்கும் போயிருந்தது. “அளவு தீர்ந்தா பஸ் ஏத்திருவாங்க, மசுயோ-சான். அப்புறம் அடுத்த குளிர்காலம்தான். அதுவும் இந்த ஊருக்கே அனுப்புவாங்கன்னு என்ன நிச்சயம்?”

“போயேன். உசுரோட எங்கயாச்சும் போயேன்.”

அவன் கிண்ணத்தை நீட்டினான். அவள் சோறு போட்டாள். அந்த வீட்டில் இதைவிட வெளிப்படையான பேச்சு அதுவரை நடந்ததில்லை. ஆனால் மறுநாளும் அவன் பெட்டியை ஈயத்தகட்டில் சுற்றிக்கொண்டுதான் போனான். அவளோடு இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டும் என்பதற்காக ஆயுளை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். வேறு எதற்காகவாவது கொடுத்திருந்தால் திட்டியே நிறுத்தியிருப்பாள்.

நீராவிக் கலத்தின் அடிவயிறு என்று ஓர் இடம் உண்டு. ஆள் ஒருவன் குனிந்து நுழைகிற பொந்து. அணுமின் நிலையத்திலேயே கதிர்வீச்சு அதிகமான மூலை. அங்கே போகிறவன் சட்டென்று வேலையை முடித்து வெளியே குதிக்க வேண்டும். பிப்ரவரியில் ஒருநாள் திருகாணி ஒன்று இறுகிப்போய் அசைய மறுத்தது. இவாவோ தன் முறை முடிந்தும் வெளியே வராமல், அடுத்தவன் முறையையும் தானே எடுத்துக்கொண்டான். மசுயோ அப்போது முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து கிளம்பிய சத்தத்தில் காகங்கள் மலையை விட்டு எழுந்தன. கரையைத் தாண்டியிருந்த படகுகள் ஏதோ பேரலை வருகிறதென்று துறைக்குத் திரும்பின. சமையல் துணியோடும் ரப்பர் செருப்போடும் அவள் தெருவில் இறங்கி நிலையத்தை நோக்கி நடந்தாள். போகிற வழியில் பனி இரண்டு பக்கமும் தானாக ஒதுங்கியது என்கிறார்கள். தோமிகோ, தான்தான் காலையிலேயே தள்ளிவைத்ததாகச் சொல்கிறாள். எப்படியிருந்தாலும் தோமிகோவும் பின்னால் போனாள், அவள் தொண்டையும் சேர்ந்துகொண்டது. முடிதிருத்தும் கடைக்காரி வந்தாள், சற்றுத் தள்ளி மேஸ்திரியின் மனைவியும் வந்தாள், நாயும் வந்தது. வாசற்கதவை அடையும்போது அது மணியோசையாக இல்லை. கடலே ஒரு சுருதியில் நிற்பது போலிருந்தது. காவலாளிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். ஏன் கழற்றினோம் என்று பிறகு அவர்களுக்கே தெரியவில்லை.

ஒரு மீட்டர் கனத்துக்கும் மேலான கான்கிரீட்டைத் தாண்டி அது உள்ளே கேட்டது. பொந்துக்குள் இருந்த இவாவோ அந்தக் குரலை அடையாளம் கண்டான். கையிலிருந்த ரெஞ்சை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தான். உடம்பு கழுவி, சோதனை முடித்து, வாசலுக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் சட்டைப்பையிலிருந்த ஈயத்தகட்டை எடுத்து மசுயோவின் காலடியில் வைத்தான். அவள் தொண்டை அடங்கியது. அவன் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் தகட்டை வைத்தார்கள். மாலைக்குள் அங்கே ஒரு சின்னக் குன்று சேர்ந்திருந்தது.

கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான நாகாய் வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். ஒளிக்க முடியாத மணி ஒன்று வேண்டும் என்று பல வருஷமாகத் தலையை உடைத்துக்கொண்டிருந்தவர் அவர். வந்த இடம் வினோதமாக இருக்கிறதே என்று அதைத் தள்ளவில்லை. இவாவோ ஒளித்த கணக்கைத் தோராயமாகக் கூட்டி, அவன் இனி எந்த உலைக்குள்ளும் போகக் கூடாது என்று எழுதினார். இவாவோ அடுத்த பஸ்ஸில் போனான். மசுயோ வழியனுப்ப வரவில்லை. அறையில் ஒற்றைக் காலுறை கிடந்தது. அதை அவள் எடுக்கவும் இல்லை.

நாகாய் தலைமை அலுவலகத்திடம் கேட்டவை அதிகமில்லை: குழாய்களைக் கழுவிய பிறகு ஆளை அனுப்புங்கள், சுற்றிலும் ஈயப் போர்வை தொங்கவிடுங்கள், ஊரில் மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தப் பொந்தை அசல் அளவில் மரத்தால் செய்து, கை பழகும்வரை பழக்குங்கள், அளவு தீர்ந்தவனைத் துரத்தாமல் அதே சம்பளத்தில் அங்கே ஆசிரியனாக வையுங்கள். துரத்த மாட்டார்கள் என்றால் எவன் ஒளிக்கப் போகிறான்? தலைமை அலுவலகத்து நிர்வாக இயக்குநர் ஒருவர் பார்வையிட வந்தார். புகைப்படம் எடுக்கையில் அழகாக இல்லை என்று பெட்டியைக் கழற்றிவைத்துவிட்டு, போகக் கூடாத மூலைவரை போய்ச் சிரித்தார். தோக்கியோ மருத்துவமனையில் படுத்திருந்த அவருடைய தொண்ணூறு வயதுத் தாயின் தொண்டையில் மணி அடிக்க ஆரம்பித்தது. செவிலியர்கள் கட்டிலுக்கு அடியில் அணைக்கும் பொத்தானைத் தேடினார்கள். மறு வாரமே எல்லாவற்றுக்கும் அனுமதி வந்தது.

அடுத்த குளிர்காலத்தில் இவாவோ மரப்பொந்தின் ஆசிரியனாக அதே அறைக்குத் திரும்பினான். ஊரில் பெண்களின் தொண்டைகள் அமைதியாகிவிட்டிருந்தன. மசுயோவின் மனம் ஊருக்கே தெரியும். அந்த ஆளின் மனம் யாருக்குத் தெரியும் என்பதுதான் மிச்சமிருந்த பேச்சு. அவனிடமிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை. மசுயோவும் கேட்கவில்லை. அவள் அப்போது நிலையத்தின் சலவைக்கூடத்தில், உள்ளே போய்வந்த உடுப்புகளைத் துவைக்கப் பகல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்; அந்த உடுப்புகளிலும் கதிர்வீச்சு ஒட்டியிருக்கும் என்பதால் அங்கேயும் சட்டைப்பையில் பெட்டி கட்டாயம்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் புது ஆட்கள் திருகாணியைக் கழற்றப் பழகிக்கொண்டிருக்கையில், பேசிக்கொண்டிருந்த இவாவோ நடுவில் நின்றான். வாயைத் திறந்தான். அவன் வாயிலிருந்து, மெல்லமாக, “பீப்” என்று வந்தது. மேசையிலிருந்த தேநீர் நடுங்கியது.

“வாத்தியாரே, யாரோடது அது?” என்றான் ஒருவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“சலவைக்கூடத்துக்கு ஓடுடா,” என்றான் இவாவோ. “மசுயோ-சான் பெட்டிய வீட்டிலயே வெச்சுட்டு வந்திருக்கா. மூட்டைய கீழ போட்டுட்டுத் தள்ளி நிக்கச் சொல்லு. ஓடு!”

அவன் ஓடினான். மற்றவர்கள் கருவிகளைத் தரையில் வைத்துவிட்டு, ஆசிரியரின் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். இன்னொரு தடவை அடித்தது, அப்புறம் நின்றது. அவள் தள்ளி நின்றுவிட்டாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. இவாவோ தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் திருகாணியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னான்.