ஊமை செல்வா

முத்துசெல்விக்கு அந்த வாரம் மூச்சு விட நேரம் கிடையாது. கடைசி வருடக் கணிதம். திங்கட்கிழமை இன்டர்னல் தேர்வு. சாயங்காலம் கழுகுமலையில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்க வேண்டும். அது போக வங்கித் தேர்வுக்கு வேறு படிக்க வேண்டும். காலை ஆறே முக்கால் பஸ்ஸை விட்டால் கோவில்பட்டிக்கு அடுத்த பஸ் எட்டரைக்குத்தான். இந்த லட்சணத்தில் கல்லூரி விழா வந்து சேர்ந்தது. முதல் தடவையாக மேடையில் பெரிய திரை கட்டி, போனில் ஆடும் ஃப்ரீ ஃபயர் துப்பாக்கி விளையாட்டில் போட்டி நடத்தப்போகிறார்களாம்.

நடத்துகிறவன் அவள் வகுப்பில் படிக்கும் அருண்பாண்டியன். கோவில்பட்டி பஜாரில் பாத்திரக்கடைக்காரர் மகன். வாயைத் திறந்தால் மூடமாட்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ‘ஊமை செல்வா’ கதையை அவன் சொல்லாத வாரம் கிடையாது.

"கொரோனா நேரத்துல எங்க டீம்ல ஒருத்தன் இருந்தாம்லே மக்கா. மைக்கையே போடமாட்டான். ஒரு வார்த்தை பேசுனதில்ல. ஆனா எதிராளி தலையத் தூக்குனான்னா காலி. இந்த வட்டாரத்துலயே அவன மாதிரி ஒருத்தன் கிடையாது. அவன் வராம நாங்க ஆட்டத்தையே தொடங்கமாட்டோம், பாத்துக்கோ."

இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருக்கும் முத்துசெல்விக்கு அந்தக் கதை அவனைவிட நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்த ஊமை அவள்தான்.

பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் போட்டுவிட்டு ஆன்லைன் வகுப்பு என்று சொன்ன வருடம் அது. அவள் பதினொன்றாம் வகுப்பு. அப்பா செண்பகராஜ் இரண்டு கிடாய்களை விற்று ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு கட்டளையும் போட்டார்.

"ஏட்டி, இங்கன பாரு. பொம்பளப்பிள்ள பேரு, போட்டோ ஒண்ணும் இதுக்குள்ள போகக்கூடாது. பக்கத்து ஊர்ல ஒரு பிள்ள போட்டோவ எடுத்து என்ன பாடு படுத்துனானுவன்னு தெரியும்லா?"

தெரியும். அதனால் போனுக்குள் எதைத் திறந்தாலும் அவள் தம்பி செல்வகணேஷ் பெயரைத்தான் போட்டாள். அவனுடைய ஏழாம் வகுப்பு அடையாள அட்டைப் படத்தைத்தான் ஒட்டினாள். விளையாட்டு ஐடியும் அப்படித்தான் ‘செல்வா’ ஆனது. மைக்கைப் போட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஊமை.

வீட்டில் சிக்னல் கிடையாது. கண்மாய்க்கரையில் ஏறினால்தான் கிடைக்கும். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று, வெள்ளாடுகளை அந்தப் பக்கமாகவே பற்றிக்கொண்டு போவாள். வகுப்பு பத்தரைக்கு முடியும். பதினொன்றுக்கு அவளுடைய டீம்காரர்கள் மூன்று பேரும் விளையாட்டுக்குள் வந்துவிடுவார்கள். அருண்பாண்டியன், சாத்தூர்க்காரன் ஒருவன், எட்டயபுரத்துக்காரன் ஒருவன். ஒருநாள் கடைசி வட்டத்தில் இவளும் எதிரி ஒருவனும் மட்டும் மிச்சம். அந்த நேரம் பார்த்து ஆடுகள் பக்கத்துப் புஞ்சை உளுந்துக்குள் இறங்கிவிட்டன. புஞ்சைக்காரர் வரப்பில் நின்று கத்துகிறார். இவள் ஆட்டைப் பார்க்கவில்லை, எதிரியைத்தான் பார்த்தாள். திரையில் ‘பூயா’ என்று வெற்றி முழக்கம் வந்தது! அன்றைக்குச் சாயங்காலம் அம்மா விளக்குமாற்றால் சாத்திய சாத்து இன்னும் முதுகுக்கு ஞாபகம் இருக்கிறது. போகட்டும், அது ஜெயித்த ஆட்டம்.

ஆனால் அவள் நினைத்து நினைத்து ஏங்குகிறது துப்பாக்கியையும் இல்லை, ஜெயித்ததையும் இல்லை. காதுக்குள் கேட்கும் அந்த ஒரு வரியைத்தான். "பொறுங்கலே, செல்வா வரட்டும்." பிறந்ததிலிருந்து அவளுக்காக யாரும் எதையும் நிறுத்தி வைத்ததில்லை. சாப்பாடாகட்டும், பஸ்ஸாகட்டும், பேச்சாகட்டும், அவள் வந்தாலும் நடக்கும், வராவிட்டாலும் நடக்கும். அந்த ஒன்றரை வருடம் மட்டும் மூன்று ஆண்பிள்ளைகள் அவள் வரும்வரை ஆட்டத்தைத் தொடங்காமல் காத்திருந்தார்கள்.

பிறகு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு வந்தது. அதோடு விளையாட்டுக்கு அரசாங்கத் தடையும் வந்தது. அதே ஐடி, தடையில்லாத ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் திறக்கும் என்று தெரிந்தபோது போன் தம்பி கைக்குப் போயிருந்தது. அதற்கப்புறம் அவள் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

கல்லூரியில் முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொன்னபோது, பின்பெஞ்சிலிருந்து அந்தக் குரல் கேட்டது. "அருண்பாண்டியன், கோவில்பட்டி." அவ்வளவுதான். டெஸ்குக்கு அடியில் அவளுடைய இரண்டு கட்டைவிரலும் தன்னால் அசைந்தன. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்புறம் சொல்வோம், அப்புறம் சொல்வோம் என்றே மூன்று வருடம் ஓடிவிட்டது. பாடம், பஸ், டியூசன் என்று ஓடுகிறவளுக்கு நின்று பேச ஏது நேரம்? அதோடு, தன் புகழைத் தானே ஒளிந்திருந்து கேட்பதில் ஒரு ருசி இருந்தது. அந்த ருசிதான் அவளைக் கெடுத்தது.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அருண்பாண்டியன் வகுப்புக்குள் துள்ளிக்கொண்டு வந்தான்.

"கண்டுபிடிச்சாச்சுலே! ஐடி இப்பவும் ஆன்லைன்ல இருக்கு. மெசேஜ் போட்டேன், பதில் வந்துட்டு. பாலிடெக்னிக்ல படிக்கானாம். ஏ முத்துசெல்வி, ஒங்க ஊர்ப் பக்கந்தான். செல்வகணேஷ்னு, தெரியுமா?"

"என் தம்பி."

"ஒன் தம்பியா! அடப்பாவி, மூணு வருசமா எங்கூடத்தான் படிக்க, ஒரு வார்த்தை சொன்னியா?"

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று முத்துசெல்விக்குத் தோன்றியது.

"அது அவன் இல்ல அருண். நாந்தான்."

அவன் சிரித்தான். பக்கத்திலிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. எந்த ஆட்டத்தில் யார் யார் எந்த வீட்டு மாடியில் ஒளிந்தார்கள், மூன்று சதவீத சார்ஜை வைத்துக்கொண்டு எப்படி ஜெயித்தார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான்" என்றான்.

அப்போதுதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். அவனைத் தனியாக ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள்.

"ஒங்கப்பா ஆக்சிஜன்ல கிடந்தாவல்லா, அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சு மத்த ரெண்டு பேரும் போயிட்டாவ. நீ மட்டும் மைக்க அணைக்காம அழுத. ஊமைட்ட சொன்னா வெளிய போகாதுன்னு சொன்ன. பொழுதடையிற வரைக்கும் நான் போகாம இருந்தேன். அப்பப்ப கை அசைக்கிற பொம்மைய அமுக்கிட்டே இருந்தேன். ஞாபகம் இருக்கா?"

அருண்பாண்டியன் முகம் கறுத்துவிட்டது. உலகத்தில் அவனும் செல்வாவும் மட்டும் அறிந்த விஷயம் அது. நம்பிவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"இதையுமா வீட்ல வந்து சொல்லியிருக்கான்?" என்றான். "சீ! அவன எவ்வளவு பெருசா நெனச்சிருந்தேன்."

அங்கேயே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, செல்வகணேஷைக் கூப்பிட்டான்.

"தம்பி, ஒன் அக்கா இங்கன நிக்கா. ஊமை செல்வா அவதான்னு சொல்லுதா. ஐடி யாரோடது? நீயா, அவளா?"

போனில் பாலிடெக்னிக் வராந்தா இரைச்சல் கேட்டது. முத்துசெல்வி போன் பக்கம் குனிந்தாள். சொல்லிவிடு தம்பி, ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடு.

"நாந்தாண்ணே" என்றான் செல்வகணேஷ்.

வீட்டுக்கு வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "ஏலே, ஒனக்குப் பாராசூட்ல ஒழுங்கா இறங்கத் தெரியுமா? நாலு தடவை இறங்குனா நாலு தடவையும் தண்ணிக்குள்ள விழுவ. நீயா செல்வா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "யக்கா, ஒனக்குப் படிப்பு இருக்கு. நாளைக்கு பேங்க்ல போய் உக்காந்துருவ. எனக்கு எட்டு அரியர். எங்க பாலிடெக்னிக்ல இந்த ஐடியப் பாத்துத்தான் எல்லாரும் என்ன செல்வாண்ணேன்னு கூப்பிடுதானுவ. இதையும் பிடுங்கிட்டா எனக்கு என்னக்கா இருக்கு?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அழுகிற பையனை அடிக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை. சத்தம் கேட்டுத் தொழுவத்திலிருந்து அப்பா வந்தார். முழுதும் கேட்டுவிட்டு, "ஒன் பேரு வெளிய வரலல்லா? அதுவரைக்கும் நல்லது. விளையாட்டுச் சாமானுக்கா கூடப்பிறந்தவன் சட்டையப் பிடிக்க?" என்றார். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவள் அருண்பாண்டியனிடம் போய் நின்றாள். "வாயால சொன்னா நீ நம்பமாட்ட. மேடையில நானும் ஆடுதேன். கையப் பாத்துட்டு முடிவு பண்ணு."

"சரி, வா" என்றான். குரலில் அன்பு இல்லை.

ஆடிப் பார்க்க மூன்று நாள் இருந்தது. மூன்று நாளில் மூன்று மணி நேரம் கிடைக்கவில்லை அவளுக்கு. அவளுடைய போனோ சின்னப் போன். அதிலிருக்கும் பாடக் குறிப்புகளை அழித்தால்தான் விளையாட்டு இறங்குவேன் என்றது. திங்கட்கிழமைத் தேர்வை வைத்துக்கொண்டு குறிப்பை எப்படி அழிப்பாள்? பஸ்ஸில் யாரிடமாவது இரவல் வாங்கி ஆடலாம் என்றால் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பரவாயில்லை, நீச்சல் மறக்குமா, சைக்கிள் மறக்குமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விழா அன்று முதலில் செல்வகணேஷை ஏற்றினார்கள். அருண்பாண்டியன் மைக்கில் கதை முழுவதையும் சொல்லி, "நம்ம கரிசல்காட்டு ஊமை செல்வா!" என்றதும் அரங்கமே எழுந்து கத்தியது. செல்வகணேஷ் முகத்தில் ஈயாடவில்லை. ஆட்டம் தொடங்கியது. இறங்கினான், ஒரு கூரைமேல் ஏறினான், திருதிருவென்று சுற்றிப் பார்த்தான். ஒரு நிமிடத்தில் செத்தான்.

முத்துசெல்வி கூட்டத்தைப் பார்த்தாள். சாயம் வெளுத்துப்போச்சு, இனி அவர்களே கேட்பார்கள் என்று நினைத்தாள்.

"டச் விட்டுப்போச்சு பாவம்" என்றான் ஒருவன். "பாலிடெக்னிக்ல செம வேலை வாங்குவானுவ, எங்கன ஆட?" என்றான் இன்னொருவன். அருண்பாண்டியன் செல்வகணேஷ் தோளில் கை போட்டு, "விடுலே தம்பி, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றான். கை தட்டினார்கள். தோற்றவனுக்கு அப்படிக் கை தட்டி அவள் பார்த்ததே இல்லை.

அடுத்தது அவள். கொடுத்த போன் பெரியது, கட்டைவிரல் நடுத்திரையை எட்டவில்லை. பொத்தான்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. விளையாட்டுக்குள் இருக்கும் ஊரும் மாறியிருந்தது, அவளுக்குத் தெரிந்த மாடிகளைக் காணோம். ஓர் ஆளைப் பார்த்தாள். குறி வைக்க வேண்டியது எப்படி என்று தலைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் சுண்ணாம்புக்கட்டியும் பேனாவும் பிடித்த கை. சுட்டாள், சுவரில் பட்டது. இரண்டாவது குண்டுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவள் தம்பியைவிட இருபது வினாடி கூடத்தான் உயிரோடு இருந்தாள். அதை யாரும் எண்ணவில்லை. அரங்கம் முழுக்கச் சிரிப்பு. "யக்கா, அது கோலப்பொடி இல்லக்கா, துப்பாக்கி!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்கள், அதைப் பட்டப்பகலில் ஐந்நூறு பேர் சேர்ந்து செய்தார்கள்.

டச் விட்டுப்போச்சு என்று அவளே சொன்னாள். "எனக்கும் மூணு வருசமா டச் இல்ல அருண்."

"போதும் முத்துசெல்வி" என்றான் அருண்பாண்டியன். "சின்னப்பயலோட பேரத் தட்டிப்பறிக்க வந்துட்டு, இப்ப இது வேறயா? வீட்ல உளறுனாலும், அன்னைக்கு ராத்திரியெல்லாம் அவன் எனக்குத் துணையா இருந்தவன். அவன் கால் தூசிக்குக் காணுவியா நீ?"

ராத்திரியெல்லாம் இல்லை, பொழுதடையும்வரைதான் என்று திருத்த வாய் வந்தது. திருத்தி என்ன ஆகப்போகிறது?

சாயங்காலம் கழுகுமலை பஸ்ஸில் அக்காவும் தம்பியும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். அவள் தேர்வுக் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் நெருங்கும்போது செல்வகணேஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்தான்.

"யக்கா, நான் பண்ணுனது தப்புதான். அருண் அண்ணனுக்கு இப்பவே போன் போட்டு நீதான்னு சொல்லிருதேன்."

"சொல்லு. சொன்னா என்ன நடக்கும் தெரியுமாலே?" என்றாள் அவள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "அக்கா அழுதான்னு தம்பி விட்டுக்குடுக்கான், எவ்வளவு பெரிய மனசு பாருன்னு சொல்லுவானுவ. அதுக்கும் ஒனக்குத்தாம்லே கை தட்டுவானுவ."

செல்வகணேஷ் போனைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டான். அப்பாடா என்று அவன் விட்ட மூச்சு அவளுக்கு நன்றாகவே கேட்டது.