அய்யம்மாள் போட்ட மை

மோட்டார் சைக்கிளை மாட்டு வண்டி என்று நினைக்கிறவர்களை என்ன செய்வது? திட்டினால் சிரிக்கிறார்கள். கெஞ்சினால் தலையை ஆட்டுகிறார்கள். நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் வண்டி மையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

என் பெயர் சடையாண்டி. திண்டுக்கல்லில் கால்நடை இன்ஸ்பெக்டராக இருந்த பொன்னுத்துரைக்கு நான் உதவியாள். பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்தில் வந்த வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று அவருக்கு இருந்தது. அவர் ஓட்டுவார். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். மாட்டைப் பிடிப்பது, கட்டுவது, உதை வாங்குவது எல்லாம் என் இலாகா.

எங்கள் பக்கத்து ஊர்களில் அப்போது ஒரு மரியாதை இருந்தது. வண்டி கட்டி வந்த விருந்தாளி திரும்பும்போது அவர் மாட்டுக்கு வைக்கோல் போட வேண்டும், வண்டி அச்சுக்கு மை போட வேண்டும். விருந்தாளி கேட்க மாட்டார், வீட்டுக்காரரும் சொல்லிக் காட்ட மாட்டார். காசு வாங்காமல் மாட்டுக்கு ஊசி போடுகிற பொன்னுத்துரையை மட்டும் சும்மா அனுப்புவார்களா? மோட்டார் சைக்கிள் வைக்கோல் தின்னாது. அதனால் அந்தப் பங்கையும் சேர்த்து மையாகவே செயினில் அப்பினார்கள்.

வண்டி மை என்பது வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. வண்டி அச்சுக்கு அதைவிட நல்லது கிடையாது. மோட்டார் சைக்கிள் செயினுக்கு அதைவிடக் கெட்டதும் கிடையாது. பாதையில் உள்ள செம்மண் புழுதி முழுவதையும் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு கரியும் மண்ணும் சேர்ந்து கண்ணிகளுக்குள் இருக்கிற இரும்பை அம்மியில் வைத்த மாதிரி அரைத்துவிடும். ஒவ்வொரு ஊர் போய் வந்த பிறகும் நான் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் செயினைக் கழுவித் துடைத்து, நல்ல ஆயில் கொஞ்சமாகத் தடவுவேன். என் நகக்கண்ணில் கருப்பு போனதே இல்லை. நான் சோறு பிசைவதைப் பார்க்கச் சகிக்காமல் என் பெண்டாட்டி எழுந்து போய்விடுவாள்.

அந்த வருஷம் மாசி மாதம் பேகம்பூரில் பட்டறை வைத்திருந்த அப்துல் வாஹித் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் பின் சக்கரத்துப் பல்லில் படிந்திருந்த செயினை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்தார். அது பல்லை விட்டுத் தாராளமாக விலகி வந்தது.

“பாருங்க சார், பல்லு பாதிக்கு மேல தெரியுது. இது செயின் இல்ல, தொட்டில் கயிறு.”

“இன்னும் எம்புட்டு நாள் ஓடும் பாய்?” என்றார் பொன்னுத்துரை.

“தார் ரோட்டுல போற ஆளா இருந்தா கணக்குச் சொல்லலாம். நீங்க போறது கம்மாக்கரையும் ஓடை மணலும். இதைப் போன தீவாளிக்கே மாத்தியிருக்கணும்.”

“ஒரு கண்ணியை வெட்டி இறுக்கி விடுங்களேன்.”

“போன தடவையே வெட்டியாச்சு. சக்கரத்தையும் கடைசி வரைக்கும் பின்னால தள்ளியாச்சு. செயின் நீளுறதில்ல சார், ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் ஆணி தேயுது. ஒண்ணை வெட்டினா மத்தது புதுசாயிருமா? மாத்தினா செயினோட பல்லுச் சக்கரம் ரெண்டையும் சேத்து மாத்தணும். இல்லேன்னா பழைய பல்லு புதுச் செயினைத் தின்னுரும்.”

பொன்னுத்துரைக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் அந்த வண்டிக்கான செயின் திண்டுக்கல்லில் கிடையாது, மதுரையிலும் கிடையாது. மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டு அலுத்துவிட்டார். வாஹித் பாய் சென்னையில் யாருக்கோ சொல்லி வைத்திருந்தார். வரும்வரை ஓட்டுவோம் என்று ஓட்டினார். வேறு வழி இல்லை என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மேடு ஏறும்போதெல்லாம் செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கிற சத்தம் இடுப்பில் தெரியும்.

பங்குனியில் வெக்கை நோய் வந்தது. அது வந்த மாட்டுக்கு வாய் புண்ணாகும், கண்ணில் நீர் வடியும், ரத்தமாகக் கழியும். ஒரு வாரத்தில் தொழுவம் காலி. வராமல் தடுக்க ஊசி உண்டு. ஆனால் மருந்து ஐஸில் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அதற்குப் பக்கத்து ஊரில் மாடுகள் விழ ஆரம்பித்துவிட்டன என்று கேட்டுத் திங்கட்கிழமை போனோம்.

“வியாழக்கிழமை காலையில மருந்தோட வாரேன்,” என்று பொன்னுத்துரை ஊரைக் கூட்டிச் சொன்னார். “அதுவரைக்கும் ஒரு மாடும் ஊரைத் தாண்டக் கூடாது. யாரும் வண்டி கட்டக் கூடாது. சந்தைக்கும் போகக் கூடாது.” சுற்று வட்டாரத்தில் எல்லா ஊரிலும் இதையே சொன்னோம்.

அந்த ஊரில் அய்யம்மாள் என்று ஒருத்தி. புருஷன் இல்லை. ஒரு கிணறு, கொஞ்சம் கத்தரித் தோட்டம், ஒரு ஜோடி மயிலைக் காளை. கமலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதும் உழுவதும் வண்டி இழுப்பதும் அந்த ஜோடிதான். அது போனால் தோட்டம் காயும், தோட்டம் காய்ந்தால் அவளுக்குக் கஞ்சி கிடையாது.

“என் மாடு தப்பிச்சிருமாய்யா?” என்று கேட்டாள்.

“வியாழக்கிழமை ஊசி போட்டுட்டா தப்பிச்சிரும்மா.”

அந்தச் சொல்லுக்கே அவள் முகம் மலர்ந்துவிட்டது. நாங்கள் மற்ற தொழுவங்களைப் பார்த்துவிட்டு வருவதற்குள் செயின் முழுக்க மை மினுமினுத்தது. அய்யம்மாள் கருத்த கையோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

“அறிவிருக்காம்மா உனக்கு? இதுல மை போடக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது!” என்று கத்தினார் பொன்னுத்துரை.

“வறண்டு கெடந்துச்சுங்கய்யா,” என்றாள் அவள், சிரிப்பு மாறாமல். அன்று சாயங்காலம் வழக்கம்போல நான்தான் கழுவினேன்.

வியாழக்கிழமை ரயிலில் வந்த மருந்தை ஐஸோடு பெட்டியில் வைத்துக் காலையிலேயே கிளம்பினோம். சத்திரம் வரைக்கும் தார் ரோடு, தொந்தரவு இல்லை. அதற்கப்புறம் மண் பாதை. ஓடையில் இறங்கி மறு கரை ஏறும்போது ‘படக்’ என்று ஒரு சத்தம். வண்டி உறுமியது, நகரவில்லை. செயின் அறுந்து மணலில் கிடந்தது.

கைவசம் இருந்த கண்ணியை வைத்துப் பொன்னுத்துரை இணைத்தார். கொஞ்ச தூரம் போனதும் வேறு இடத்தில் விட்டது. அதை இணைத்தார். இன்னொரு இடத்தில் விட்டது. அவர் கை கிழிந்து ரத்தம் வந்தது. வெயில் ஏறிவிட்டது. ஏதாவது வண்டி வராதா என்று பாதையைப் பார்த்தோம். ஒரு வண்டியும் வரவில்லை. எப்படி வரும்? வண்டி கட்டாதே என்று ஊர் ஊராகச் சொல்லியது நாங்கள்தானே. ஜனங்கள் முதல்முறையாக எங்கள் பேச்சை ஒழுங்காகக் கேட்டிருந்தார்கள்.

மோட்டார் சைக்கிளை ஒரு வேல மரத்தில் சாய்த்துவிட்டு நடந்தோம். நானும் அவரும் மாற்றி மாற்றிப் பெட்டியைச் சுமந்தோம். முதலில் உள்ளே ஐஸ் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் சலசலக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

ஊர் எங்களுக்காகக் காத்திருந்தது. மாடுகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். முதல் ஆளாக அய்யம்மாள், இரண்டு காளைக்கும் மஞ்சள் பூசி நின்றாள். பொன்னுத்துரை பெட்டியைத் திறந்து தண்ணீருக்குள் கையை விட்டார். வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். மூடிவிட்டார்.

“மருந்து செத்துப்போச்சு,” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. சோலைமுத்து என்ற சம்சாரி, “சூடானா என்னங்கய்யா, ஊசிதானே? குத்தி விடுங்க,” என்றார்.

“செத்த மருந்தைக் குத்தினா ஒண்ணும் நடக்காது. ஊசி போட்டாச்சுன்னு நம்பி மாட்டைக் கண்ட இடத்துல மேய விடுவீங்க. அம்புட்டும் போயிரும்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். வெயிலும் நடையும் கை எரிச்சலும் அவரை நிறுத்த விடவில்லை. “எல்லாம் உங்களாலதான்! செயின்ல மை போடாதே, போடாதேன்னு தலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? நீங்க போட்ட மைதான் செயினைத் தின்னுருச்சு!”

கூட்டம் மொத்தமும் அய்யம்மாளைத் திரும்பிப் பார்த்தது. அவள் காளைகளை விட்டுவிட்டு ஓடி வந்து அவர் காலைப் பிடித்தாள்.

“தெரியாமச் செஞ்சிட்டேன் சாமி. இனிமே உங்க வண்டிப் பக்கமே வர மாட்டேன். என் மேல உள்ள கோவத்தை வாயில்லாச் சீவன் மேல காட்டாதீக. ஊசியைப் போடுங்கய்யா.”

“கோவமில்லம்மா. மருந்து செத்துப்போச்சு.”

“போடுங்க சாமி.”

அவர் எவ்வளவோ சொன்னார், யாரும் நம்பவில்லை. மருந்து இருக்கிறது, ஊசி இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஆனால் போட மாட்டேன் என்கிறார். பார்க்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? கடைசியில் யாரும் எடுத்துக் குத்திவிடக் கூடாதே என்று என்னைக் குழி தோண்டச் சொல்லி, புட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டினார். நான் மண்ணைத் தள்ளி மூடினேன். அய்யம்மாள் அழவில்லை. மூடிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மருந்து ரயிலில் வர இரண்டு வாரம் ஆனது. அதற்குள் வாஹித் பாய்க்குச் சென்னையிலிருந்து செயினும் பல்லுச் சக்கரங்களும் வந்துவிட்டன. எல்லாவற்றையும் மாற்றினார். வண்டி சத்தமில்லாமல் ஓடியது. ஓடையை ஒரே மூச்சில் ஏறியது. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஊரில் பாதித் தொழுவம் காலி. அய்யம்மாளின் இரண்டு காளையும் போய்விட்டன என்று சோலைமுத்து சொன்னார். மிச்சம் இருந்த மாடுகளுக்கு உச்சிவெயில் வரை ஊசி போட்டோம். பொன்னுத்துரை கூட்டத்தில் அவளைத் தேடுவது தெரிந்தது. அவள் இல்லை.

திரும்பி வந்தால் புளிய மரத்தடியில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், கையில் ஒரு குச்சியோடு. நிழல் எப்போதோ நகர்ந்து போயிருந்தது. அவள் நகரவில்லை.

“யாரையும் கிட்ட அண்டவிடலைங்கய்யா,” என்று எழுந்தாள். “நானும் தொடலை.”

பொன்னுத்துரை அவள் எதிரில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, நல்லாக் கேளுங்க. அந்தச் செயின் ஆறு மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோன செயின். மாத்தாம ஓட்டினது நான். நீங்க அன்னைக்குப் போட்ட ஒரு கை மைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. வேணும்னா சடையாண்டியைக் கேளுங்க.”

“ஆமா ஆத்தா,” என்றேன். “அன்னைக்குச் சாயங்காலமே நான் கழுவிட்டேன்.”

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

“என்னை ஆத்துறதுக்காகச் சொல்றீக. அன்னைக்கு ஊரு முன்னால சொன்னதுதான் நெசம். எங் கையாலதான் அதுகளைக் கொன்னேன்.”

அவர் மறுபடியும் சொல்ல வாயெடுத்தார். அவள் சேலைத் தலைப்பு செயினில் பட்டுவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நாங்கள் போவதற்கு வழிவிட்டு விலகி நின்றாள்.