பாங்குக்கு வந்த பதில்

மோதினாரின் குரலைப் பற்றி அந்தத் தெருவில் யாருக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்வதுதான் அவர் வேலை. ஐந்து வேளையும் தவறாமல் சொல்வார், எழுத்துச் சுத்தமாகச் சொல்வார். ஆனால் மின்சாரம் போய் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டால், “இன்னிக்கு மோதினார் நமக்குச் சொல்லல, தனக்கே சொல்லிக்கிட்டார்” என்று தொழ வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேலி பேசுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவருக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள். பள்ளிவாசலுக்கு எதிரே நின்ற ஐந்து மாடிக் கட்டடத்தில், தையல் கம்பெனியில், சட்டைக்குக் காலர் வைக்கும் வேலை பார்த்தாள். அப்பன் பாங்கு சொல்ல ஆரம்பித்ததும் மெஷினை நிறுத்திவிடுவாள். மேற்பார்வையாளர் முறைத்தால், “எங்கத்தா கூப்பிடுறாரு, பதில் சொல்லிட்டு வரேன்” என்பாள். பாங்கைக் கேட்கிறவர்கள் ஒவ்வொரு வாசகத்தையும் மெல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது முறை. ‘தொழ வாருங்கள்’, ‘வெற்றிக்கு வாருங்கள்’ என்று வரும் இரண்டு இடங்களில் மட்டும் திருப்பிச் சொல்லக்கூடாது. கூப்பிட்டவனையே திருப்பிக் கூப்பிட முடியாதே. அங்கே வேறு பதில் உண்டு: “லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்.” இறைவன் துணையில்லாமல் எனக்கு ஒரு திராணியும் இல்லை என்று அர்த்தம்.

அன்று காலையில் மூன்றாவது மாடித் தூணில் விரிசல் விட்டிருந்ததும், மேற்பார்வையாளர் ஒரு பீரோவை நகர்த்தி அதை மறைத்துவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னதும் பிற்பாடுதான் வெளியே தெரிந்தது. மதியத்து லுஹர் தொழுகை முடிந்து மோதினார் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்கேயோ லாரியில் ஜல்லி கொட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். மின்விசிறி நின்றது. காலடியில் தரை அதிர்ந்தது. ஜன்னல் வழியே மாவுமாதிரி தூசு உள்ளே வந்து விழுந்தது. வாசலுக்கு ஓடி வந்து பார்த்தால், கட்டடம் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருந்தது. மனைவி தலைத்துணி நழுவியது தெரியாமல் ஓடிவந்து நடைபாதையில் உட்கார்ந்தாள். மகளுடைய செல்போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள்; அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டிகள் வந்தன, மண் அள்ளும் இயந்திரங்கள் வந்தன. எடுத்த உடல்களை வைக்க வேறு இடமில்லாமல் பள்ளிவாசலில், தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டியை ஒட்டி வரிசையாகக் கிடத்தினார்கள். ஒவ்வொன்று வரும்போதும் மோதினார் போய்ப் போர்வையின் நுனியைத் தூக்கிப் பார்ப்பார். தன் பிள்ளை இல்லை என்றதும் மூச்சு வரும். மூச்சு வந்ததற்காக வெட்கமும் வரும்.

மாலைத் தொழுகையான அஸர் நேரம் வந்தது. இமாம் அவரைத் தேடிவந்து தோளைத் தொட்டார்.

“எனக்கு வாய் வரல ஹஜ்ரத்.”

“வந்த அளவுக்குச் சொல்லுங்க.”

கரண்டு கம்பியெல்லாம் இடிபாட்டோடு அறுந்து கிடந்ததால் ஒலிபெருக்கி இல்லை. வாசப்படியில் ஏறி நின்று காதில் விரல் வைத்துச் சொன்னார். இயந்திரங்களின் இரைச்சலில் அது அவர் காதுக்கே சரியாக எட்டவில்லை. ஆனால் இடிபாட்டின் மேலே, ஒரு பொந்துக்குள் தலையை நுழைத்துப் படுத்திருந்த கூலியாள் சட்டென்று கையை உயர்த்தினான். கீழே யாரோ முனகுகிற சத்தம் கேட்டதாம். இவர் குரல் நின்றதும் அதுவும் நின்றுவிட்டதாம்.

தீயணைப்பு அதிகாரி எல்லா இயந்திரத்தையும் நிறுத்தச் சொன்னார். மோதினாரை மேலே கூப்பிட்டு, இப்போது சொன்னதை இந்தப் பொந்துக்குள் இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மோதினார் தயங்கினார். ஒரு தொழுகைக்கு இரண்டு பாங்கா? பின்னாலேயே ஏறிவந்த இமாமைப் பார்த்தார்.

“பொறந்த பிள்ளை காதுல சொல்றோமே, அது எந்தத் தொழுகைக்கு?” என்றார் இமாம். “சொல்லுங்க.”

மோதினார் கம்பிகளுக்கு நடுவே முட்டிபோட்டு, முகத்தைப் பொந்தில் வைத்துச் சொன்னார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் வாசகம் முடிந்ததும், எங்கோ பாதாளத்திலிருந்து நூல் பிரிந்தமாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த வாசகத்துக்கும் வந்தது. எதிரொலியாக இருக்கும் என்று அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். ‘தொழ வாருங்கள்’ என்ற இடம் வந்தது. கீழே இருந்த குரல் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. “லா ஹவ்ல...” என்று தொடங்கித் தட்டுத்தடுமாறி முடித்தது.

“எதிரொலி இல்ல சார்,” என்றார் மோதினார். “நான் சொன்னதை அது சொல்லல. பதில் சொல்லுது.”

உயிரோடு ஆள் இருக்கிறது என்றதும் கூட்டத்தில் புது ரத்தம் பாய்ந்தது. எத்தனை பேர் என்று அதிகாரி கத்திக் கேட்டார். வந்த பதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பாங்கு மட்டும் காதுக்குப் பழகிய வாசகம் என்பதால் தெளிவாக விளங்கியது. அதனால் வெட்டும் திசை தப்பும்போதெல்லாம் இயந்திரத்தை நிறுத்தி மோதினாரைச் சொல்லச் சொன்னார்கள். அவரும் சொன்னார். ஆனால் அந்தப் பதிலைக் கேட்ட கணத்திலேயே அவருக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அது அவர் மகளின் குரல் இல்லை. அவள் அந்த எழுத்துகளை அப்படிக் கடித்துக் குதற மாட்டாள். யார் பெற்ற பிள்ளையோ, பிழைக்கட்டும் என்று நினைக்க வேண்டும் என்று தெரிந்தும், ‘நீ ஏன்? என் பிள்ளை எங்கே?’ என்றுதான் அந்தப் பொந்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது.

பொழுது சாய்ந்ததும் மஃரிபுக்கு அங்கேயே நின்று பாங்கு சொன்னார். தொண்டை கிழிந்த துணியாகியிருந்தது. கீழேயிருந்து பதில் வந்தது, ஆனால் ‘தொழ வாருங்கள்’ என்றதற்கு இந்தத் தடவை அதையே திருப்பிச் சொன்னது. பாவம், களைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண்ணை வெளியே இழுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. பட்டன் தைக்கிறவள், மகளோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவள். பாங்குக்கும் அவள் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை. மோதினார் அதைப் பற்றி யோசிப்பதற்குள், அவள் கிடந்த இடத்தை ஒட்டி இன்னொரு உடல் வந்தது. போர்வையின் நுனியைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. போர்வையே அப்போது இல்லை.

மறுநாள் காலையில் மகளை அடக்கினார்கள். பெண்கள் வீடு கொள்ளாமல் வந்திருந்து, “ஒரு நொடியில போயிருக்கும்மா, வலி தெரிஞ்சிருக்காது” என்று மனைவியிடம் சொன்னார்கள். அவளும் அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். கம்பெனி முதலாளி தலைமறைவாகிவிட்டான் என்று செய்தி வந்தபோதுகூட அவள் காது கொடுக்கவில்லை.

பட்டன்காரி பார்க்க விரும்புவதாக ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னதும் மோதினார் தனியாகப் போனார். அவளுடைய வலது காலை எடுத்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் அவள் எழுந்து உட்கார முயன்றாள்; படுத்துக்கொள்ளச் சொன்னார்.

“உங்க பொண்ணு பக்கத்துலதான் கிடந்தா அய்யா. தூண் அவ இடுப்புமேல இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் கத்திப் பாத்தோம், யாருக்கும் கேக்கல. அப்புறம் உங்க குரல் வந்துச்சு. ‘எங்கத்தா கூப்பிடுறாரு, பதில் சொல்லு’ன்னா. அவளுக்குச் சத்தம் வரல. என் காதுகிட்ட சொல்லிக் கொடுத்தா, நான் கத்தினேன்.”

மோதினார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒவ்வொரு தடவையும் அவதான் சொல்லித் தந்தா. கடைசியா நீங்க சொன்னப்ப அவ ஒண்ணும் சொல்லல. எனக்கு அந்த இடத்துல என்ன சொல்லணும்னு வரல. நீங்க சொன்னதையே சொல்லிட்டேன்.”

வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். தண்ணீர் கேட்டாள், அம்மாவைக் கேட்டாள் என்றாள். அவர் தலையாட்டினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்மா என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தவர், அங்கே தரையில் உட்கார்ந்து அழுதார். கட்டடம் விழுந்த நாளிலிருந்து அதுதான் முதல் அழுகை.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் மனசு கிடந்து அடித்தது. மகள் தன் குரலைக் கேட்டாள் என்பது அவருக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. அதில் பாதியைப் பெற்றவளுக்குக் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்வது திருட்டு என்று பட்டது. சொன்னார்.

மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டுவிட்டு, கையை முறத்திலிருந்து எடுக்காமலே கேட்டாள்:

“அப்ப உடனே போகல.”

“இல்ல.”

“லுஹர்லேர்ந்து மஃரிப் வரைக்கும் எம்பிள்ள தண்ணிக்குத் தவிச்சுக்கிட்டு கிடந்திருக்கா. நான் மேல நடைபாதையில உக்காந்திருந்திருக்கேன்.”

 சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் அழவில்லை. முறத்தை ஓரமாக வைத்தாள்.

“இத வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஆறுதல் சொல்லக் கிளம்பி வந்துருவாங்க.”

 மூன்றாம் நாள், அந்தப் பெண் வாயால் தானே கேட்க வேண்டும் என்றாள். இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். வார்டு வாசல்வரை வேகமாக நடந்தவள், உள்ளே கட்டிலையும் போர்வைக்குள் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததையும் பார்த்ததும் நின்றுவிட்டாள். பட்டன்காரி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பட்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கு வேண்டாம் என்று கையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றார்கள்.

“இவளாவது பொழச்சாளேன்னு எனக்குத் தோணல,” என்றாள் அவள். “இவ ஏன் பொழச்சான்னுதான் தோணுச்சு.”

“எனக்கும்தான்,” என்றார் மோதினார்.

பஸ் வந்தது. உட்கார இடம் இல்லை. ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை நின்றுகொண்டே வந்தார்கள்.