மீன்காரி பெனிங் மேடையேறி வாசித்த காகிதம்

பனாய்த் தீவின் சான் இலாரியோ மீன் சந்தையில் பெனிங் "சூரை! சூரை!" என்று ஒரு குரல் விட்டால், கடலுக்கு அக்கரையில் கிமாராஸ் தீவில் இரண்டு மாம்பழம் உதிரும். இதை நம்பாதவர்கள் ஊரில் உண்டு. அவர்கள் யாரும் அவள் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. நின்றவர்களுக்கு இன்றைக்கு எதுவுமே கேட்காது.

அப்படிப்பட்ட பெனிங், தன் அறுபத்துமூன்றாவது வயதில், சனிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவி, கழுத்துவரை பவுடர் பூசி, பல்கலைக்கழக நூலகத்துக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தாள். நூலகம் ஊர்க்காரர்களுக்காக நடத்தும் எழுத்து வகுப்பு அது. ஜனவரியில் பதினாறு பேர் சேர்ந்தார்கள். நவம்பரில் ஐந்து பேர் மிச்சம். மற்றப் பதினோரு பேரையும் பெனிங்கின் குரல்தான் விரட்டியது என்பது வீண் பழி. மூன்று பேரைத்தான் அது விரட்டியது.

நவம்பர் கடைசியில் நூலகத்தில் புத்தக வாரம். குழந்தைகளுக்குக் கதை, பெரியவர்களுக்குக் கவிதைப் போட்டி, மூங்கில் நடனம், எல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமை இந்த வகுப்புக்காரர்கள் மேடையேறி ஆளுக்கொரு பக்கம் வாசிக்க வேண்டும். பெனிங் சந்தை முழுவதையும் அழைத்துவிட்டாள். மீன் வாங்க வந்தவர்களை அழைத்தாள். கோழி வாங்க வந்தவர்களை அழைத்தாள். வழி தெரியாமல் சந்தைக்குள் புகுந்துவிட்ட ஒரு லாரி ஓட்டுநரையும் அழைத்தாள்.

அவள் பலகைக்கு நேர் எதிரே கருவாடு விற்பவள் சோலா. சோலாவின் மூத்த மகளுக்குப் பெனிங்தான் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் "மாரே" என்று வாய்நிறைய அழைத்துக்கொண்டு முப்பது வருடமாகச் சண்டை போட்டு வந்தார்கள்.

"என்ன மாரே, வெள்ளிக்கிழம வாசிக்கப் போறியாமே?" என்றாள் சோலா, நெத்திலியைக் கிளறிக்கொண்டே.

"ஆமா மாரே. முன்வரிசையில வந்து உக்காரு. அப்பதான் நல்லாப் பொறாமைப்படலாம்."

"வாசிக்கிறதா இருந்தா பொறாமைப்படலாம். நீ ஒப்பிக்கல்ல போற!"

"என்னது?"

"ஒரு தரம் காதுல விழுந்தா சாகுறவரைக்கும் உனக்கு மறக்காதே. சாவு வீட்டுல லுவா சொல்லியே பேர் வாங்கினவளாச்சே நீ. அந்த டீச்சரம்மா ஒரு தடவ வாசிச்சிருப்பாங்க, நீ கப்புனு முழுங்கிட்டு வந்திருப்ப. கையில புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டா வாசிக்கிறதா ஆயிடுமா? நான்கூடப் பிடிச்சுக்குவேன்!"

சந்தை கொல்லென்று சிரித்தது. பிறகு யோசித்தது. சோலா சொன்னதில் விஷயம் இருந்தது. இந்தப் பக்கத்தில் ஒருவர் செத்தால் சொந்தபந்தம் பிணத்தின் அருகே வட்டமாக உட்கார்ந்து விளையாடும். தோற்றவர் எழுந்து லுவா என்கிற பாட்டுவரி ஒன்றைத் தண்டனையாகச் சொல்ல வேண்டும். பெனிங்குக்கு நானூற்றுப் பன்னிரண்டு லுவா மனப்பாடம். அதைச் சொல்லிக் காட்டுவதற்காகவே வேண்டுமென்று தோற்பாள். ஒரு முறை அவள் சொன்ன லுவாவைக் கேட்டுச் செத்தவரே சிரித்துவிட்டதாகப் பேச்சு.

"பாத்துக்கலாம் மாரே," என்று பெனிங் ஒரு சூரையின் தலையை ஒரே வெட்டில் துண்டாக்கினாள். அவளுக்குத் துளி சந்தேகமில்லை.

சந்தேகம் புதன்கிழமை வந்தது.

ஒத்திகைக்கு எல்லோரும் நூலகத்தின் வாசிப்பு அறையில் கூடியிருந்தார்கள். வகுப்பு நடத்தும் நூலகர் த்ரினிதாத் மேடம் கையில் பென்சிலுடன் உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழகத்துக்குத் தரச் சான்று கொடுக்கும் குழு வெள்ளிக்கிழமை முன்வரிசையில் உட்காரப் போகிறது என்பதால் ஒரு வாரமாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெனிங் நண்டுக் கதைப் புத்தகத்தை விரித்தாள். மேலே மின்விசிறி சுழன்றது. அவள் கம்பீரமாக வாசித்துக்கொண்டு போனாள். நண்டு வளையை விட்டு வந்தது, கொக்கைப் பார்த்தது, கொக்கை ஏமாற்றியது. அறையே அதிர்ந்தது. மேடத்தின் பென்சில் மட்டும் நின்றுவிட்டது.

"மனாங் பெனிங்," என்றாள் மெதுவாக. வயதில் மூத்தவளை அக்கா என்று அழைக்கும் மரியாதை அது. "கொக்கை ஏமாத்துற பக்கம் எங்க இருக்கு? காட்டுங்க."

பெனிங் குனிந்து பார்த்தாள். மின்விசிறிக் காற்று இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருந்தது. அவள் கண்முன்னே இருந்தது நண்டின் கல்யாணப் பக்கம். கொக்கு அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை.

அறையில் சத்தமில்லை. பெனிங் இருக்கும் அறையில் அப்படி ஒன்று நடந்தது அதுவே முதல் தடவை.

தப்பு பெனிங்குடையது மட்டுமல்ல. அவர்களுடைய ஹிலிகாய்னோன் மொழியில் பெரிய எழுத்தில் அச்சான புத்தகம் நூலகத்தில் அது ஒன்றுதான். பத்து மாதமும் அந்த நண்டையே திரும்பத் திரும்ப வாசிக்க வைத்திருந்தார்கள். நண்டே தன் கதையை மறந்திருக்கும், பெனிங் மறக்கமாட்டாள்.

"அப்போ எனக்கு வாசிக்கத் தெரியுமா தெரியாதா மேடம்?"

த்ரினிதாத் மேடம் நேர்மையானவள். "எனக்கே தெரியல மனாங்."

"எனக்கும் தெரியல," என்றாள் பெனிங்.

"வெள்ளிக்கிழமை நீங்க வரவேற்புப் பாட்டு பாடுங்களேன். யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

"பாட்டா? இந்த ஊர்ல என் பாட்ட யார் கேக்கல? மேடம், நான் புத்தகத்தையே தொடப் போறதில்ல. நான் பொறந்ததுலருந்து பாக்காத, கேக்காத ஒரு காகிதத்த மேடையில வச்சு என் கையில குடுக்கட்டும். அதத்தான் வாசிப்பேன்."

"யாரு குடுக்கிறது?"

"வேற யாரு? என் மாரேதான். இந்த உலகத்துல எனக்கு உதவி செய்யவே மாட்டாள்னு நம்பி இருக்கக்கூடிய ஒரே ஆள் அவதானே!"

வியாழக்கிழமை முழுவதும் பெனிங் கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டினாள். ஜீப்னி வண்டியின் நெற்றி, சோப்பு உறை, தேர்தல் சுவரொட்டி, சவப்பெட்டிக் கடைப் பலகை. வாடிக்கையாளர்கள் மீனை நீட்டிக்கொண்டு நிற்க, அவள் மீன் சுற்றும் செய்தித்தாளை வாசித்துக்கொண்டிருந்தாள். "மனாங், என் கெளுத்தி!" "இரு, இங்க ஒரு அமைச்சர் விழுந்துட்டாரு, எந்திரிக்கிறாரா பாக்குறேன்!"

காகிதச் சவாலை ஏற்ற சோலாவும் எதிர்ப்பக்கம் சும்மா இல்லை. அவள் கண் விசித்திரமானது. அடிவானத்தில் வரும் படகு யாருடையது, அதில் எத்தனை கூடை என்று கரையிலிருந்தே சொல்லிவிடும். எழுத்தைக் கண்டால் மட்டும் நாற்பது வருடமாகப் பார்வை மங்கல். அதனால் வீட்டில் கணவன் இஸ்லாவை உட்கார வைத்து, தான் சொல்லச் சொல்ல எழுத வைத்தாள். இஸ்லாவ் சாதுவான மனிதர். கல்யாணமான நாளிலிருந்து அவர் முழுதாகப் பேசி முடித்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பாதியில் சோலா முடித்து வைத்துவிடுவாள்.

"எழுதிட்டியா?"

"ம்."

"அவளால வாசிக்க முடியலேன்னா மானம் போச்சு. வாசிச்சுட்டாலோ, ஊர் முன்னாடி அவ வாயாலயே அவ மானம் போச்சு. எப்படி என் மூளை?"

"அது வந்து…"

"தெரியும். மடிச்சுக் குடு."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய விழா சரியாகப் பத்தரைக்கு ஆரம்பித்தது. ஜெபம், தேசிய கீதம், பல்கலைக்கழகத் துணைத்தலைவரின் வரவேற்புரை, அந்த வரவேற்புரைக்கு ஒரு நன்றியுரை. மூங்கில் நடனத்தில் ஒரு மாணவிக்குக் கணுக்காலில் அடி. கவிதைப் போட்டியில் எழுபது வயது வாத்தியார் ஒருவர் தன் கவிதையிலேயே அழுதுவிட்டார். பின்வரிசையில் நூடுல்ஸ் வாசனையும், ஓலையில் சுற்றி அவித்த ஒட்டரிசி வாசனையும் கிளம்பி, தரச் சான்றுக் குழுவே மூக்கால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தை மொத்தமும் வந்திருந்தது. லாரி ஓட்டுநரும் வந்திருந்தார்.

மற்ற நாலு பேரும் நண்டை ஆளுக்கொரு கால் வாசித்து இறங்கினார்கள். பெனிங் ஏறினாள். மஞ்சள் கவுன், கழுத்தில் முத்துமாலை, கையில் எதுவுமில்லை.

"மாரே, குடு!" என்றாள். ஒலிபெருக்கி கீச்சிட்டுச் செத்தது. அவளுக்கு அது தேவையுமில்லை.

சோலா மேடையேறி, நாலாக மடித்த காகிதத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டுக் கொடுத்தாள். "புத்தம் புதுசு. என்னையும் கடவுளையும் தவிர யாருக்கும் தெரியாது," என்று அறிவித்துவிட்டு முன்வரிசையில் இஸ்லாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பெனிங் காகிதத்தைப் பிரித்தாள். விரலை முதல் எழுத்தில் வைத்தாள். நேரம் போனது. நூலகத்தின் பல்லிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டது. த்ரினிதாத் மேடம் தன் பென்சிலைக் கடித்தே பாதி தின்றுவிட்டாள்.

"கொன்… சொன்… சொ… லா… சி… யோன்…"

அந்தக் குரலை யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மாம்பழம் உதிர்க்கும் குரல் எங்கோ போய்விட்டது. ஆற்றைக் கல் கல்லாகத் தாண்டுகிறவளைப் போல, ஒரு எழுத்தில் நின்று, அது தாங்குகிறதா என்று பார்த்து, அடுத்த எழுத்துக்குத் தாவினாள்.

"கொன்சொலாசியோன்… விற்கும்… கருவாடு… பனாய்த் தீவிலேயே… முதல்… முதல் தரம்."

தன் முழுப்பெயரைக் கேட்டதும் சோலா எழுந்து நின்று நாலாபக்கமும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

பெனிங்கின் கண் அடுத்த வரிக்கு முன்னே ஓடியது. காது மடல் சிவந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் மீனின் மானமாவது தப்பியிருக்கும். அவள் விரலை அழுத்தினாள்.

"பெனிங்கின் மீன்… மூன்று நாள்… ப… ழ… பழசு."

மண்டபம் வெடித்தது. சந்தைக்காரர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துச் சிரித்தார்கள். பெனிங் அது ஓயும்வரை காத்திருந்தாள். அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. வாசித்த சந்தோஷமும் தாங்கவில்லை.

"அவள்… தராசில்… விரல் வைப்பாள்."

"முடிஞ்சுது!" என்று சோலா கத்தினாள். "யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க! நான் வீட்டுல சத்தமா சொல்லும்போது சன்னலுக்கு வெளிய எவளோ நின்னிருக்கா. ஒப்பிக்கிறா! அதே மூணு வரிய அப்படியே ஒப்பிக்கிறா!"

"இரு மாரே. இன்னும் இருக்கு."

"எங்க இருக்கு? நான் சொன்னதே மூணு வரிதான்!"

"இங்க ஆறு வரி இருக்கே."

சோலா கணவனைப் பார்த்தாள். இஸ்லாவ் தொப்பியை முகத்துக்கு நேராக இறக்கினார்.

பெனிங் மறுபடி விரலை வைத்தாள். "இதை… எழுதியது… இஸ்லாவ். பெனிங்கின் மீன்… பழசு… இல்லை. சூரை… ஆசை வந்தால்… நான் அவளிடம்தான்… வாங்கி… என் அக்கா வீட்டில்… சமைக்கச் சொல்லி… சாப்பிட்டு… வருகிறேன்."

பாவம் இஸ்லாவ். மனைவிக்கு எழுத்துத் தெரியாது, பெனிங்கால் வாசிக்க முடியாது என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். நாற்பது வருடத்தில் குறுக்கே யாரும் புகாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். மனுஷர் மூன்றாக முடித்துவிட்டார்.

அதன் பிறகு எழுந்த சத்தத்தில் நூலகத்தின் நாற்பதாயிரம் புத்தகமும் அலமாரியில் ஒரு விரற்கடை நகர்ந்தன. தரச் சான்றுக் குழுவின் தலைவி மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கினாள். "வாசிச்சுட்டா! பெனிங் வாசிச்சுட்டா!" என்று சந்தை கத்தியது. எழுதியவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத வரியை அவள் வாசித்திருந்தாள். இனி யார் என்ன சொல்ல முடியும்? த்ரினிதாத் மேடம் மிச்சப் பென்சிலையும் மறந்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சோலா மட்டும் சிரிக்கவில்லை. கடுவேகமாக மேடையேறினாள். இஸ்லாவ் அதற்குள் ஒட்டரிசிப் பாத்திரங்களுக்குப் பின்னால் போய்விட்டார்.

"எங்க? எங்க எழுதியிருக்கான் அந்த ஆளு? காட்டு!"

பெனிங் காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. 'உனக்கு எங்க தெரியப் போகுது' என்ற நாலு சொல் பெனிங்கின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பது வருடமாக அவள் காத்திருந்த நாலு சொல். அவற்றை விழுங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்தா மாரே, இங்க. இது 'இஸ்லாவ்'. இது 'சூரை'. இது 'அக்கா வீடு'."

"அக்கா வீடு," என்று சோலா அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக முறைத்தாள். இனி எங்கே பார்த்தாலும் அவற்றை விடமாட்டாள் என்று தெரிந்தது. அவள் கண் மேலே ஏறியது. "அப்போ இது? மொத வரியில, முன்னாடி நிக்கிறது?"

"அதா? அது நீ. கொன்சொலாசியோன்."

சோலா விரலால் தொட்டாள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிக்கொண்டே போனாள். விரல் போய்க்கொண்டே இருந்தது.

"எம் பேரு இவ்ளோ நீளமா?"

"ஆமா."

"உன்னுது?"

பெனிங் இரண்டாவது வரியைக் காட்டினாள். சோலா விரலை வைத்தாள், எடுத்தாள். அவ்வளவுதான்.

"கொஞ்சூண்டு," என்றாள் சோலா, தலையை நிமிர்த்திக்கொண்டு. பிறகு காகிதத்தைப் பிடுங்கி மடித்து, கருவாட்டு வாசம் வீசும் தன் சட்டைப்பைக்குள் செருகினாள். "சனிக்கிழம வகுப்பு எத்தன மணிக்கு?"