இரண்டாவது மீட்டர்

அக்காவோடு பழைய கார் பார்க்கப் போவதைவிடச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. இது ஆறாவது வண்டி. முதல் ஐந்தையும் வேண்டாமென்று அவன் தட்டிக்கழித்ததில் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அத்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். திரும்பும்போது மனிதர் பிழிந்த துணி மாதிரி இருப்பார். பஸ்ஸில் நிற்க முடியாது. நடுவழியில் நின்றுவிடாத ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான். அதுதான் ஊரெல்லாம் அலைந்தும் கிடைக்கவில்லை.

ஆறாவது வண்டி, அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டருடையது. மீட்டரில் அறுபத்தோராயிரம்.

"சார் பொய் சொல்ல மாட்டாருடா," என்று அக்கா வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நல்லவங்ககிட்ட இருக்குற வண்டி நல்ல வண்டியாத்தான் இருக்கணும்னு எவன்க்கா சொன்னான்?"

கதவைத் திறந்ததுமே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரேக் மிதியின் ரப்பர் வரி வரியாக இருக்க வேண்டியது, வழவழவென்று தேய்ந்து கிடந்தது. ஸ்டியரிங்கின் மேல்தோல் மினுமினுத்தது. டிரைவர் சீட்டில் கதவுப்பக்க விளிம்பு அமுங்கி, கிழிந்து, தைக்கப்பட்டிருந்தது. மீட்டர் எண்ணை எப்படி வேண்டுமானாலும் குறைத்துவிடலாம், ஏறி இறங்கின உடம்பின் தேய்மானத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

"சர்வீஸ் புக் எங்க சார்?"

"நான் வாங்கும்போதே இல்லப்பா. நாலு வருஷம் முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட வாங்கினது."

"புக் இல்லன்னா கம்பெனி ஒர்க்‌ஷாப்ல பழைய விவரம் கேட்டிருக்கலாம்ல? இன்சூரன்ஸ்காரங்ககிட்ட, அடிபட்ட வண்டியான்னு விசாரிச்சிருக்கலாம்ல? ஒண்ணுமே கேக்காம, நம்பரப் பாத்து மயங்கி வாங்கிட்டீங்க. இப்ப அதே நம்பரக் காட்டி எங்க தலையில கட்டப் பாக்குறீங்க."

அக்கா அவன் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள். ஹெட்மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது.

"மீட்டர நான் தொட்டதே இல்லப்பா."

"யாரு தொட்டதுன்னு இப்ப காட்டுறேன்."

இந்த நாட்டில் பழைய வண்டி விற்கிறவனெல்லாம் ஒன்று திருடன், இல்லை ஏமாளி என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அடிமூடியைக் கழற்றி, மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒயர்க் கற்றையை இழுத்தான்.

ஒயர்கள் சைக்கிள் டியூப்பில் அறுத்த பட்டையால் கட்டப்பட்டிருந்தன. இரட்டை முடிச்சு. மிச்ச நுனி உள்பக்கமாகச் செருகப்பட்டிருந்தது.

பிளாஸ்டிக் கட்டு வெயிலில் வெடித்துவிடும் என்று பிடிவாதமாக டியூப்பால் கட்டுகிறவன் இந்த வட்டாரத்தில் ஒரே ஒருத்தன்தான். அவன் இப்போது மல்லாந்து கிடந்தான்.

இப்போதுதான் ஞாபகம் வந்தது. டாக்டரின் டிரைவர் அப்போது கொண்டுவந்து விட்ட வண்டி. மீட்டர் செத்துப்போயிருந்தது. புதுசு வாங்க வேண்டாம், பழைய சாமான் கடையில் ஒன்று பாரேன் என்றான் டிரைவர். பார்த்தான், மாட்டினான். செத்த மீட்டரில் ஒரு லட்சத்து முப்பதாயிரம், மாட்டினதில் பத்தொன்பதாயிரம். யாரையும் ஏமாற்றும் எண்ணமே இல்லை. முள் ஆடினால் போதும் என்றிருந்தான். பில்லில் 'மீட்டர் வேலை' என்று இரண்டே வார்த்தை எழுதினான். எந்த எண் எந்த எண்ணாக மாறியது என்று ஒரு வரி எழுதக் கை வலித்தது. மூதேவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, வண்டி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனால் அந்த மனுஷர் வாசல்படியில் திருடனைப்போல நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்தான். முழங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சார் தொடல. நான்தான் மாத்தினேன்," என்றான். "இது ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் ஓடின வண்டி."

ஹெட்மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "லட்சம் கிலோமீட்டர்ல இன்ஜின் பெல்ட் மாத்தணும்னு சொல்வாங்களே? நான் இன்னும் நாப்பதாயிரம் இருக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

அவன் பானட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தான். "இது மாத்தின மாதிரி தெரியல சார். எந்த நிமிஷமும் அறுந்துடும். அறுந்தா ஓடிட்டிருக்கும்போதே இன்ஜின் நின்னுடும்."

"போன மாசம் பொண்ணையும் பேரப்பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு முன்னூறு கிலோமீட்டர் போனேன்," என்றார் அவர். "லாரிங்களுக்கு நடுவுல." அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"பெல்ட்ட நான் மாத்தித் தர்றேன் சார். இன்னிக்கே. அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

"டேய்," என்றாள் அக்கா. காலையிலிருந்து இருந்த கோபம் அந்தக் குரலில் இல்லை. "இதே மாதிரி இன்னும் எத்தன வண்டிக்கு மாத்தி விட்டிருக்க? அதுல எல்லாம் இப்ப யாரு போயிட்டிருக்காங்க?"

இருபது வருஷத்து வண்டிகளை அவன் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தான். எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தன.

"எழுதி வைக்கலக்கா," என்றான்.